ஒரே நம்பர்

பிரகதீஸ்வரி எதையும் அமுக்கவில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டது.

தொபுக்.

பாழுங்கிணற்றில் கல் விழுகிற சத்தம். அவளே பொறுக்கியெடுத்து வைத்த சத்தம்தான் அது. ‘ஊர்க்கண்’ செயலியில் பொதுமக்கள் அனுப்புகிற தகவலை அவள் ஏற்றால் மணி அடிக்கும், தள்ளினால் கல் விழும். மணி எப்போதாவதுதான் அடிக்கும். கல் நாள் முழுக்க விழும். கேட்டுக் கேட்டு அவள் காதுக்கு அது சுவர்க்கடிகாரச் சத்தம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஆனால் இப்போது மடிக்கணினி மூடியிருந்தது. போன் மேசைமேல் குப்புறக் கிடந்தது. அவள் கையில் தயிர்சோற்றுத் தட்டு. சத்தம் வந்தது கூடத்திலிருந்து. அதுவும் தரைக்குக் கீழேயிருந்து.

கையைக் கழுவாமலே எழுந்து போய்ப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸ் போட்ட கூடம். சோபா, தொலைக்காட்சி, சிங்கப்பூரில் வேலை பார்க்கிற கணவன் அரவிந்த்குமார் கப்பல் துறைமுகத்தைப் பின்னால் விட்டு நிற்கிற படம், ஒரு மூலையில் மகள் இனியாவின் சிவப்புச் சைக்கிள். கரண்ட் போயிருந்ததால் காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த வாசல் கதவுக்கு வெளியே பங்குனி வெயில் தெருவைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. நாய்கூட இல்லை. மின்விசிறி நின்றுபோன வீட்டில் அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. அப்போதுதான் வாடை மூக்கில் ஏறியது. ஈரக் கல்மாவும் வெடிமருந்தும் கலந்த வாடை. குவாரியில் முதல் மழை விழுந்தால் எழும்புமே, அது. பொங்கலுக்குப் பிறகு இந்த ஊரில் ஒரு சொட்டு மழை கிடையாது.

குழாய் எங்கேயாவது ஒழுகும் என்று சொல்லிக்கொண்டு அறைக்குத் திரும்பினாள்.

அவள் வேலை பார்ப்பது கூடத்தை ஒட்டிய அந்த அறையில்தான். ஒரே கதவு, கூடத்தைப் பார்த்து. ஒரே ஜன்னல், இரும்புக் கம்பி போட்டு, பக்கத்துச் சந்தைப் பார்த்து. மூடாத ஆழ்துளைக் கிணறு, அறுந்து தொங்கும் மின்கம்பி, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கைவிட்ட குவாரிக் குழி என்று புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க ஜனங்கள் கண்ணில் படும் ஆபத்தையெல்லாம் ஊர்க்கண்ணுக்கு அனுப்புவார்கள். எது நிஜம், எது புளுகு என்று தரம் பிரிக்கிற வேலை அவளுடையது. அவள் ஏற்றால்தான் தீயணைப்புக்கும் தாலுகா ஆபீசுக்கும் தகவல் போகும். மாவட்டத்துக்கே அவள்தான் தலை.

ஜனங்கள் நிறையப் புளுகுவார்கள். வரப்புத் தகராறு என்றால் பங்காளியின் கிணற்றைப் படம் பிடித்துப் போடுவார்கள். ஜல்லிக்கட்டு நடக்கும் ஊரில் வாடிவாசலுக்கு முன்னால் குழி என்று போட்டியூர்க்காரன் போடுவான். வேறு ஏதோ நாட்டில் எடுத்த சிறுத்தைப் படத்தைப் போட்டு எங்க ஊர் தைலமரக் காடு என்பான். சேர்ந்த புதிதில் அவள் ஒருவனை நம்பினாள். ஆழ்துளைக் கிணற்றில் பிள்ளை விழுந்துவிட்டதென்று அழுதான். வண்டி, ஆம்புலன்ஸ், ஊரே கீரனூர் ரோட்டில் போய் நின்றது. பிள்ளையும் இல்லை, கிணறும் இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் நடுவில் அவள் வாங்கிய பேச்சு இன்னும் காதில் எரிகிறது. அதற்குப் பிறகுதான் விதி போட்டாள். மூன்று பேர் சொல்ல வேண்டும், மூன்று நம்பரிலிருந்து. கூட ஒரு படம். இல்லாவிட்டால் தள்ளு.

விதி என்றால் விதிதான். போன மாதம் இனியா அவள் போனை எடுத்து ஒலிவாங்கியை அமுக்கி, “எங்க வீட்டு மாடியில காக்கா செத்துக் கெடக்கு” என்று அனுப்பிவிட்டாள். ஆறு வயதுக் குழந்தை. பிரகதீஸ்வரி சிரித்துக்கொண்டே அதையும் தள்ளினாள்.

“நான் பொய் சொல்லலையேம்மா!”

“ஒருத்தி மட்டும் சொன்னா அது சேதி இல்ல கண்ணு.”

குழந்தை உதடு பிதுக்கி அழுதது. மாடியில் காக்கை செத்துத்தான் கிடந்தது.

மடிக்கணினியைத் திறந்தாள். புதுத் தகவல் ஒன்று காத்திருந்தது. வகை: நிலம் உள்வாங்குதல். அனுப்பிய நம்பர் ஏழு ஏழாக முடிந்தது. அந்த நம்பர் அவளுக்குத் தெரியும். வரைபடத்தில் சிவப்புக் குறி எங்கே குத்தியிருக்கிறது என்று பெரிதாக்கிப் பார்த்தாள். புதுக்கோட்டை. அறந்தாங்கி ரோடு. அவள் தெரு. நீலத் தண்ணீர்த்தொட்டி வைத்த மொட்டைமாடி. அவள் வீடு.

குரல் பதிவு. ஓடவிட்டாள்.

டிங். டிங். டிங். கல்லில் சுத்தியல் விழுகிறது. அப்புறம் ஒரு பெண், தொண்டையில் கல்மாவு அடைத்த குரல்.

“ஏம்மா, கேக்குதாம்மா? இங்கிட்டு அடியில தண்ணி நிக்கிது. மேல விரிசல் ஓடியிருக்கு. யாராச்சும் வந்து பாத்துட்டுப் போங்கம்மா.”

பிச்சையம்மாளின் குரல். பிச்சையம்மாள் போன கார்த்திகையில் செத்துப்போனவள்.

குன்றாண்டார்கோவிலுக்கு வடக்கே வெள்ளப்பாறை என்று ஒரு குடியிருப்பு. எல்லாம் கல்லுடைக்கிற சனம். குவாரிக்காரன் வெட்டி வெட்டிப் பாதை ஓரம் வரைக்கும் வந்துவிட்டான். கீழே பனைமர ஆழத்துக்குத் தண்ணீர், மேலே விளிம்பில் உட்கார்ந்து பெண்கள் ஜல்லி உடைத்தார்கள். மழைக்கு முந்தி அங்கிருந்து குரல் பதிவுகள் வரத் தொடங்கின. எல்லாம் ஒரே நம்பர். முதலில் சுத்தியல் சத்தம், பிறகு யாரோ ஒரு பொம்பளை. பிரகதீஸ்வரி முதல் நாலு வார்த்தைக்குமேல் கேட்டதில்லை. ஒரே ஆள் திரும்பத் திரும்ப அனுப்புது, கூலித் தகராறாக இருக்கும் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள்.

குடியிருப்பு முழுக்க ஒரே போன்தான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாததா? நார்த்தாமலைப் பக்கம் அவள் வளர்ந்த தெருவிலும் ஒரே போன்தான். பிரசவ வலிக்கும் சாவுக்கும் அதைத்தான் வாங்கிப் பேசினார்கள். அவளைப் பெற்ற ஆத்தாவும் சைக்கிள் ட்யூப்பைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டு ஜல்லி உடைத்தவள்தான். அந்தக் காசில்தான் இவள் காலேஜ் போனாள். தெரிந்தது எல்லாம் தெரிந்துதான் இருந்தது. தள்ளுகிற நேரத்தில் அதை நினைக்க அவளுக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

கார்த்திகை அடைமழையில் விளிம்பு பெயர்ந்தது. பிச்சையம்மாள், சொர்ணம், சிவரஞ்சனி. உட்கார்ந்த இடத்திலேயே சுத்தியலோடு போனார்கள். அந்தப் போனில் மாறி மாறிப் பேசியவர்கள் அந்த மூன்று பேர்தான் என்றும், எந்தக் குரல் யாருடையது என்றும் பிறகு தெரிந்தது. அவள் கேட்ட மூன்று பேர்.

விசாரணைக்கு வந்தவர், “முன்னாடியே யாராச்சும் சொன்னாங்களாம்மா?” என்று கேட்டார். “உறுதியான தகவல் எதுவும் வரலை சார்” என்றாள். அவர் ‘தகவல் வரவில்லை’ என்று எழுதிக்கொண்டார். அவள் திருத்தவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அந்தப் பதிவுகளை அழித்தாள். யாரும் எச்சரிக்கவில்லை, கல் திருட வந்தவளுக விழுந்து செத்தாளுக என்று குவாரிக்காரன் சொன்னது அப்படியே நிலைத்தது. செத்த மூன்று பேரும் திருடிகள் ஆனார்கள். அவன் கொஞ்சம் தள்ளிப் புதுக் குழி தோண்டினான்.

எவனோ பழைய பதிவை எடுத்து வைத்துக்கொண்டு விளையாடுகிறான் என்று முடிவு கட்டினாள். செத்தவள் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள். இடக்குறியைப் பொய்யாகக் குத்துவது சின்னப் பையன்கூடச் செய்வான். ஒரே நம்பர், படம் இல்லை. விரல் பழக்கத்தில் போய்த் தள்ளியது.

தொபுக்.

கணினியில் ஒன்று. அடுத்த கணம், கூடத்துத் தரைக்கடியில் இன்னொன்று.

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். கூடத்து டைல்ஸ்களுக்கு நடுவில் இருந்த வெள்ளைச் சாந்துக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கறுத்துக்கொண்டு வந்தன. ஈரம் கீழிருந்து மேலேறுகிறபோது அப்படித்தான் கறுக்கும். சோபாவின் காலடியில் தொடங்கி சைக்கிள் வரைக்கும் கட்டம் கட்டமாக.

அடுத்த தகவல் வந்தது. அதே நம்பர், அதே இடம். இது சொர்ணம். கோபக்காரக் குரல்.

“எத்தன வாட்டிதான் சொல்றது? நேத்து மயிரு கணக்கா இருந்த விரிசல், இன்னிக்குக் கைய விட்டா கை போகுது. இங்க இருக்கிறதும் உசுருதான். ஒன் ஆத்தாளும் கல்லு ஒடைச்சவதானடி?”

அந்தக் கடைசி வரி பழைய பதிவில் இருந்ததா? இருந்திருக்காது. இருந்ததா? அவள்தான் முழுதாகக் கேட்டதே இல்லையே.

அவளுக்குக் கோபம் வந்தது. பயம் வருகிறபோதெல்லாம் அவளுக்குக் கோபம்தான் முதலில் வரும். “யாருகிட்ட வெளையாடுறீங்க?” என்று காலி அறையில் சத்தமாகக் கேட்டுவிட்டு ஓங்கி அமுக்கினாள். தொபுக். கீழேயும் தொபுக். கூடத்தின் நடுவில் டைல்ஸ் ஒன்று பல் விழுந்தமாதிரி உள்ளே இறங்கியது. அதன் இரண்டு பக்கமும் விரிசல் ஓடியது. கை போகும் அகலம்.

எழுந்து கதவு நிலைவரை போனாள். விரிசலிலிருந்து குளிர் வந்தது, பங்குனி மதியத்தில், கணுக்காலைத் தொட்டுத் தடவுகிற குளிர். உள்ளே வெகு ஆழத்தில்,

டிங். டிங். டிங்.

கணினி ஒலித்தது. மூன்றாவது. சிவரஞ்சனி, இருபது வயதைத் தாண்டாத குரல். சிரித்துக்கொண்டே பேசினாள். பின்னால் மற்ற இருவரும், “இந்தா, நீ பேசு”, “நீ சொல்லுடி, நீதான் படிச்சவ” என்று போனைக் கைமாற்றிக்கொள்வது கேட்டது.

“அக்கா, படம் வேணுமுன்னு கேட்டீங்கல்ல? இந்தாங்க படம்.”

படம் திறந்தது. ஒன்றும் புரியவில்லை. கலங்கிய பச்சை. அதற்கு மேலே வெள்ளைச் சதுரங்கள், கட்டம் கட்டமாக. டைல்ஸ். கீழே இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி டைல்ஸ். கண்ணாடிபோல் தெளிந்த அந்தச் சதுரங்களின்மேல் இரண்டு பாதங்கள். இடது குதிகாலில் பிளவு. இரண்டாம் விரலில் வெள்ளி மெட்டி.

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள்.

கை தானாகப் போய்த் தள்ளியது. வேண்டாம் என்று நினைப்பதற்குள் போய்விட்டது.

தொபுக்.

கூடம் சத்தமே இல்லாமல் உள்ளே போனது. சோபா போனது. சைக்கிளின் சிவப்பு கொஞ்சநேரம் பச்சைத் தண்ணீருக்குள் தெரிந்து மங்கியது. அறை வாசலிலிருந்து வீட்டு வாசல்வரை சுவரோடு சுவராகக் குழி. செங்குத்தாக வெட்டிய பாறைப் பக்கங்கள், அதில் வெடிவைக்கத் துளைத்த குழாய்த் தடங்கள். கீழே அசையாத தண்ணீர். எதிர்ச் சுவரில் அரவிந்த்குமார் படத்தில் சிரித்துக்கொண்டே நின்றான்.

போனை எடுத்தாள். 101 அடித்தாள். மணி போகவில்லை. டிங். டிங். அதுதான் கேட்டது. அரவிந்துக்கு அடித்தாள். டிங். கடைசியில் ஆபீசுக்குப் போனது. எடுத்தவள் அன்புமொழி, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆபீசில் உட்கார்ந்து இவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பெண்.

“அக்கா, சாப்பிட்டீங்களா? இங்க கரண்ட் இல்லாம வெந்து சாகுறோம்.”

“அன்பு, எங்க வீட்டுக்குள்ள பள்ளம் விழுந்திருச்சு. நான் உள்ள மாட்டிக்கிட்டேன். ஃபயர் சர்வீசுக்கு அனுப்பு. ஒடனே.”

“வீட்டுக்குள்ளயா? என்னக்கா, வெயிலா?”

“வெளையாடாதடி. பாப்பா நாலு மணிக்கு வேன்ல வந்துருவா. நேரா உள்ள ஓடியாருவா. அதுக்குள்ள யாராச்சும் வரணும். கேக்குதா?”

“சரி, படம் போடுங்கக்கா.”

போனை நீட்டிப் படம் எடுத்தாள். எடுத்த படத்தில் கூடம் இருந்தது. வெள்ளை டைல்ஸ், சோபா, மூலையில் சைக்கிள், மேலே வெயிலின் வெளிச்சம் சதுரமாக. போனை இறக்கிக் கண்ணால் பார்த்தாள். குழி. மறுபடி போனில் பார்த்தாள். கூடம்.

படத்தை அனுப்பவில்லை. ஊர்க்கண்ணில் குரலாகவே அனுப்பினாள். ஒன்று. பிறகு இன்னொன்று. மூன்றாவதில் அழுதுவிட்டாள்.

அன்புமொழி திரும்பக் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு. “அக்கா, என்னைய டெஸ்ட் பண்றீங்கதானே? ஒரே நம்பர்லேருந்து மூணு, படமும் இல்ல. போன மாசமும் இப்பிடித்தான் அழுது நடிச்சு அனுப்புனீங்க. நான் நம்பிட்டேன்னு எல்லாருக்கும் முன்னாடி என் மானத்த வாங்குனீங்க. இந்த வாட்டி ஏமாற மாட்டேன்.”

“அன்பு, நெசமாத்தாண்டி—”

“நல்லாப் பண்றீங்கக்கா. சினிமாவுக்குப் போகலாம்.”

தொபுக். தொபுக். தொபுக்.

மூன்று கல். மூன்றும் மேலேயிருந்து எங்கிருந்தோ வந்து குழித் தண்ணீரில் விழுந்ததை அவள் கண்ணால் பார்த்தாள். வட்டம் வட்டமாக அலை. கீழே சுத்தியல்கள் ஒரு கணம் நின்றன. யாரோ எண்ணிக்கொள்கிற மாதிரி. பிறகு மறுபடி தொடங்கின.

ஜன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். “சோலையப்பண்ணே! அண்ணே!”

சந்துக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் கட்டிலில் படுத்திருந்த சோலையப்பன் எழுந்து வந்தார். இந்த வீட்டைக் கட்டிய கொத்தனார் அவர்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா, பாம்பு கீம்பு வந்துருச்சா?”

“தரை உள்வாங்கிருச்சுண்ணே. கூடம் முழுக்கப் போயிருச்சு.”

அவர் முகம் சுண்டியது. சாகப்போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார். “நான் போட்ட தரையா? என்னம்மா பேசுற? வெள்ளப்பாறைக் கல்லு தாயி. நானே குவாரிக்குப் போயி நின்னு பொறுக்கி ஏத்தியாந்தேன். அந்தப் பொம்பளைக ஒடைச்ச ஜல்லி, ஒன்னொன்னும் அளந்து வச்ச மாதிரி இருக்கும். யானை ஏறி நின்னாலும் அசையாது. இரு, வாரேன்.”

“உள்ள வராதீங்கண்ணே!”

அதற்குள் அவர் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் குழிக்குள் காலை வைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விழுகிற சத்தம் வரவில்லை. சரக், சரக் என்று ரப்பர் செருப்புத் தரையில் உரசுகிற சத்தம். கண்ணைத் திறந்தாள். சோலையப்பன் தண்ணீரின்மேல் நடந்துவந்தார். நடுவில் நின்று குதிகாலால் இரண்டு மிதி மிதித்தார். “பாத்தியா? எங்க பள்ளம்? எங்க விரிசல்?”

அவர் செருப்புக்கு நேர் கீழே, தண்ணீருக்குள், கைகள். வெளுத்து ஊறிய கைகள். விரல்களில் கறுப்பாகச் சைக்கிள் ட்யூப் சுற்றிய கைகள். அவர் அடி எடுத்து வைக்க வைக்க, படகின் நிழலைத் தொடரும் மீன் மாதிரி அவையும் கூடவே வந்தன. தொடவில்லை. அவர்மேல் அவர்களுக்கு வழக்கு எதுவும் இல்லை.

“கையக் குடு. வா. ஒரு எட்டு வச்சுப் பாரு.”

அவர் கை திண்ணென்று இருந்தது. வெயிலின் சூடு இருந்தது. நேரில் பார்க்கிற ஆள், தரை போட்ட ஆள், பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லாத ஆள். இவர் சொல்வதை நம்பாமல் யார் சொல்வதை நம்புவது? அவள் இடது காலை நிலைப்படிக்கு வெளியே நீட்டினாள்.

குளிர். விரல்களுக்கிடையில் தண்ணீர். எதுவோ மெட்டியைப் பிடித்தது.

அலறிக்கொண்டு காலை இழுத்தாள். இரண்டாம் விரல் வெறுமையாக இருந்தது. மெட்டி இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையத் தடம். உள்ளங்காலிலிருந்து நீர் சொட்டியது.

சோலையப்பன் அவளை உற்றுப் பார்த்தார். நீரைப் பார்க்கவில்லை. அவள் கண்ணைத்தான் பார்த்தார். குரலை இறக்கினார். “வெயில் தலைக்கு ஏறிருச்சு தாயி. புருசன் வெளிநாட்டுல, ஒத்தையில கெடந்தா இப்பிடித்தான். இங்கனயே ஒக்காரு. எங்க வீட்டுல அவ துணி தொவைக்கிறா, போயி மோரும் எடுத்துக்கிட்டு அவளையும் கூட்டியாறேன்.”

“அண்ணே, போகாதீங்க. கெஞ்சிக் கேக்குறேன். பாப்பா வந்தா தெருவுலயே நிப்பாட்டுங்க. உள்ள விட்டுறாதீங்க.”

“சரி சரி” என்றார். பிள்ளைகளுக்குச் சொல்கிற சரி.

அவர் தண்ணீர்மேல் நடந்து வெளியே போனார். ஜன்னல் வழியே அவர் குரல் கேட்டது. போனில் யாருக்கோ சொன்னார். “ஆமாம்மா, நான் உள்ள போயிப் பாத்துட்டேன். பள்ளமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.” அன்புமொழி விதிப்படி அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டாள். அதுவும் பிரகதீஸ்வரி சொல்லிக்கொடுத்த முறைதான்.

மேசைமேல் ஏறி உட்கார்ந்தாள். காலை மடக்கிக்கொண்டாள். வாடை இப்போது வாய்க்குள்ளேயே இருந்தது, பல்லில் கல்மாவு நறநறத்தது. ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் மெல்ல ஏறியது. கீழே வேலை நடந்துகொண்டிருந்தது. மூன்று சுத்தியல். ஒன்று மெதுவாக, ஒன்று ஆத்திரமாக, ஒன்று ஏதோ பாட்டுக்குத் தாளம் போல. இடையிடையே பேச்சு. கல்லுடைக்கிற இடத்துப் பேச்சு.

“வருவாளா?”

“வருவா. பெத்தவளாச்சே.”

“எங்க வீட்டுலயும் பெத்ததுகதான் தெருவுல நிக்கிதுக, திருடி மக்கன்னு.”

“பேசாம ஒடைங்கடி.”

வேன் ஹாரன் கேட்டது.

அவள் மேசையிலிருந்து குதித்தாள். தெருமுனை. இரண்டு தடவை அடிப்பான், திரும்பும்போது ஒரு தடவை. சோலையப்பனைக் காணோம். மோர் கலக்குகிறார்கள். இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள். பள்ளிக்கூடப் பையின் சக்கரம் கடகடவென்று.

“இனியா! உள்ள வராத! அங்கனயே நில்லு!”

“அம்மா! எனக்கு ஸ்டார் போட்டாங்க!”

“வராத கண்ணு! பள்ளம்! பள்ளம் இருக்குடி!”

வாசலில் குட்டி நிழல் விழுந்தது. குனிந்து ஷூவைக் கழற்றுகிறாள். ஒன்று. இன்னொன்று. வெள்ளைக் காலுறை.

கைகள் வாசல் பக்கம் திரும்பின. மூன்று ஜோடியும்.

சோலையப்பனைத் தொடவில்லையே. குழந்தையையும் தொடமாட்டார்கள். ஒருவேளை. ஒருவேளைதான். அது உறுதியான தகவல் இல்லை.

அவள் யோசிக்கவில்லை. பாய்ந்தாள்.

சோலையப்பனைத் தாங்கிய தண்ணீர் அவளைத் தாங்கவில்லை.

குளிர் தலைக்குமேல் மூடியது. மூக்கில், வாயில். கை வீசினாள். பிடி இல்லை. கணுக்காலைப் பிடித்தார்கள். இழுக்கவில்லை, முரட்டுத்தனம் இல்லை. வேலைக்குப் புதிதாக வந்தவளுக்கு இடம் காட்டுகிற மாதிரி கீழே அழைத்துப்போனார்கள். பனைமர ஆழம். அடியில் பாறை. உட்காரவைத்தார்கள்.

மூச்சு முட்டியது. முட்டிக்கொண்டே இருந்தது. அது முடிவுக்கே வரவில்லை.

எதிரே குவியல் குவியலாகக் கல். எல்லாம் ஒரே அளவு, கைக்குள் அடங்கும் கூழாங்கல். அவள் தள்ளிய ஒவ்வொன்றும். அண்ணாந்தாள். வெகு மேலே வெளிச்சத்தில் வெள்ளைச் சதுரங்கள். அதன்மேல் இரண்டு சின்னப் பாதங்கள், காலுறையோடு. உலராத தரையில் உலர்ந்த காலுறை. நடக்கின்றன. அறை வாசல்வரை போய் நிற்கின்றன. திரும்புகின்றன.

“அம்மா?”

பிச்சையம்மாள் அவள் வலது கையை எடுத்து மடியில் வைத்தாள். முகத்தைப் பார்க்கப் பிரகதீஸ்வரிக்குத் தைரியம் இல்லை. கிழித்த ட்யூப்பைப் பிச்சையம்மாள் ஒவ்வொரு விரலாகச் சுற்றினாள், இறுக்கமாக, நகம் பெயராமல் இருக்கும்படி. சொர்ணம் சுத்தியலைக் கையில் திணித்தாள். கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது.

மேலே குழந்தைக்குத் தெரியவேண்டும். இங்கேதான் இருக்கிறேன் என்று தெரியவேண்டும். அவள் பாறையில் அடித்தாள். பலங்கொண்ட மட்டும்.

டிங். டிங். டிங்.

பாதங்கள் நின்றன. முழங்கால்கள் வந்தன. உள்ளங்கைகள். ஒரு காது, கண்ணாடியில் ஒட்டினமாதிரி டைல்ஸில் ஒட்டியது.

கேட்டுவிட்டாள். என் பிள்ளை கேட்டுவிட்டாள்.

இனியா ஓடினாள். திரும்பி வந்தாள். கையில் அம்மாவின் போன். ஒலிவாங்கியை அமுக்கத் தெரிந்த பிள்ளை. தண்ணீர் வழியாக அந்தக் குரல் தெளிவாக இறங்கி வந்தது.

“எங்க வீட்டுக்கு அடியில யாரோ தட்டுறாங்க. எங்க அம்மா மாதிரி இருக்கு. நான் பொய் சொல்லல. யாராச்சும் வாங்க.”

சுத்தியல்கள் நின்றன. மூன்று பெண்களும் மேலே பார்த்தார்கள். பிரகதீஸ்வரியும் பார்த்தாள். மணிக்காக. ஒரே ஒரு மணிக்காக.

தொபுக்.

வெளிச்சத்திலிருந்து ஒரு கல் இறங்கியது. சின்னக் கல். ஆடி ஆடி மெதுவாக வந்தது. சிவரஞ்சனி எட்டிப் பிடித்து, அவள் முன்னால் பாறைமேல் வைத்து, உடைக்கும்போது உருண்டுவிடாதபடி ட்யூப்பில் வெட்டிய ரப்பர் வளையத்துக்குள் நிறுத்தினாள்.

“இது ஒன்னோடது. நீ ஒடை.”

இடது கையால் அதைத் தொட்டாள். இத்தனை குளிரிலும் அது வெதுவெதுப்பாக இருந்தது, தூங்கி எழுந்த பிள்ளையின் கன்னம் மாதிரி. மேலே காது இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, கேட்டுக்கொண்டே, காத்துக்கொண்டே.

வலது கை ஓங்கியது. அவள் ஓங்கவில்லை. கை ஓங்கியது.